மூன்றாவது கொட்டேஷன்

உன் வீடு கட்டுவதற்காக நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மூன்று கொட்டேஷன்களையும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன், மாப்பிள்ளை. கண்ணாடியை மாற்றச் சொன்னாயே, அது சரிதான். சின்ன எழுத்தைப் படிக்கச் சன்னலோரம் போக வேண்டியிருக்கிறது. ஆனால் கொட்டேஷனில் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை.

முதல் ஆள் வேண்டாம். வழவழப்பான காகிதம், கலர் படம், சதுர அடி விலையும் மூவரில் குறைவு. ஆனால் கதவு உண்டு, தாழ்ப்பாள் தனி. மாடிப்படி உண்டு, கைப்பிடி தனி. கழிவறை உண்டு, கழிவுநீர்த் தொட்டி 'உரிமையாளர் பொறுப்பு'. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுத் தட்டுக்குக் காசு கேட்கிற கதை. இரண்டாவது ஆள் நல்லவன், விசாரித்தேன். ஒரே சமயத்தில் ஒன்பது வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். ஒன்பது அடுப்பில் உலை வைத்தவன் ஏதாவது ஒன்றைக் குழையவிடுவான். அது உன்னுடையதாக இருக்க வேண்டாம்.

மூன்றாவதன் குறுக்கே நீ சிவப்பு மையில் 'இந்தக் குடும்பமே வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாய். அடிக்கோடு போட்ட இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது. உன் கோபம் எனக்குத் தெரியாததல்ல. அதைக் கொடுத்தவர், உன் அக்காவின் சாவுக்காகச் சிறைக்குப் போன பெரிய மேஸ்திரியின் தம்பி. அப்போது நாம் சின்ன மேஸ்திரி என்று கூப்பிடுவோமே, அவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது.

மூன்றில் அதுதான் நேர்மையான கொட்டேஷன். அதைத்தான் நீ எடுக்க வேண்டும். ஏன் என்று சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்கு வரிசை தவறிவிடும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை பார்த்தவன் நான். எதையும் பாதி மட்டும் தட்டில் வைத்து நிறுக்க எனக்கு வராது. கடைத்தெருவில் எனக்கே 'தராசு' என்றுதான் பெயர். நான் திரும்புகிற தெருமுனையைப் பார்த்துக்கொண்டே தட்டின் அடியில் ஒட்டிய மெழுகைச் சுரண்டுவார்கள். உத்தியோகம் பார்த்த இத்தனை வருடத்தில் ஒரு கடையில் ஓசி டீ குடித்ததில்லை. அதில் உன் அக்காவுக்குப் பெருமை. சம்பளம் போதவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "நம்ம வீட்டு உப்புக்கு எடை சரியா இருக்கு" என்பாள்.

பதினொரு வாடகை வீடு மாறினோம். ஐந்தாவது வீட்டில் இருந்தபோதுதான் உங்கள் அம்மா போய், நீ பள்ளிக்கூடப் பையோடு எங்களிடம் வந்தாய். பிள்ளை இல்லையா என்று யாராவது கேட்டால் உன்னைக் காட்டுவாள். கேட்டவர்கள் முழிப்பார்கள். எந்த வீட்டுக்காரரும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. காலண்டரை நூலில் கட்டிச் சன்னல் கம்பியில் தொங்கவிடுவாள். காற்றடித்தால் அது திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும், அன்றைக்கு என்ன தேதி என்று தெரியாது. நம் வீடு என்று ஒன்று வந்தால் முதல் வேலை சுவரில் ஓர் ஆணி அடிப்பதுதான் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அடுத்து அவள் கேட்டது பால்கனி. ஒரு நாற்காலி போட்டுக் கால் நீட்டுகிற அளவு. வாடகை வீட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காட்டினாள். நீ கோட்டுக்கு வெளியே நின்று, தெருவில் போகிறவன் மாதிரி அவளுக்குக் கையாட்டினாய். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒருவழியாக இடம் வாங்கியதும் ஆறு மேஸ்திரிகளைப் பார்த்தேன். எல்லோரும் பெயின்ட் வாசம் போகாத வீட்டைக் காட்டினார்கள். நான் ஐந்து மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டச் சொன்னேன். குளியலறையின் மூலைகளில் கை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் கேட்பதை அவர் மனைவியிடம் கேட்டேன், ஏனென்றால் ஏமாந்ததை ஆம்பளை ஒத்துக்கொள்ள மாட்டான். பெரிய மேஸ்திரி கட்டிய வீட்டில் ஓர் அம்மாள் சொன்னார்: "சொன்ன தேதிக்கு முடிக்கல. ஆனா சொன்ன காசுக்கு முடிச்சாரு." அந்த ஒரு பேச்சுக்காக அவரை எடுத்தேன். தப்பான ஆளை எடுத்துவிட்டேன் என்று இத்தனை வருடமாக நீ என்னைக் குத்திக்காட்டியதில்லை, உன் பெருந்தன்மை. நான் எடுத்தது தப்பான ஆள் இல்லை.

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். நான்கு பக்கம். ஓர் இடத்தில்தான் எங்களுக்குள் இழுபறி. தளத்துக்குக் காங்கிரீட் போட்டால், அது இறுகும்வரை அடியில் பலகையடித்து மரக்கம்பால் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். அந்தக் கம்பும் பலகையும் நாள் வாடகைக்கு வருபவை. வாடகை முழுவதும் உங்களுடையது என்றேன். முடியாது என்றார். கடைசியில் ஏழு நாள்வரை அவருடையது, அதற்குமேல் என்னுடையது என்று முடிந்தது. கையெழுத்துப் போடும்முன் அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்:

"சார், உள் தளத்துக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கு, தாங்கிக்கும். பால்கனி அப்படி இல்ல. ஒரு பக்கம்தான் புடிமானம், மிச்சம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு இருபத்தெட்டு நாள் முட்டு இருந்தே ஆகணும். அந்த வாடகை உங்களுக்குத்தான் வரும். பின்னாடி மறைச்சுட்டேன்னு சொல்லக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் என் தொழில் அப்படி. கல்லைக் கையில் கொடுத்து 'நீங்களே பாருங்க சார்' என்கிறவனுடைய தட்டைத்தான் நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். இருபத்தெட்டு என்கிற எண் எனக்குப் பிடிக்கவில்லை. வாடகைக் கடைக்காரனும் இவரும் தெரிந்தவர்கள். மறைமுகச் செலவு என்பது இப்படித்தான் ஆரம்பிக்கும், மரியாதையான குரலில்.

மழைக்காலம். பால்கனிக்குக் காங்கிரீட் போட்ட எட்டாம் நாள் சனிக்கிழமை. அன்று நடந்ததாக உலகத்துக்குத் தெரிந்தது இவ்வளவு. நண்பகலில் பெரிய மேஸ்திரியின் மாமியாருக்கு வெளியூரில் உடம்பு மோசம் என்று சேதி வந்து, செவ்வாய்க்கிழமை திரும்புவதாக என் ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு அவர் கிளம்பினார். சின்ன மேஸ்திரி சிமென்ட் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனார். காவலுக்கு ஆள் கிடையாது; அதுவும் செலவு என்று நான்தான் வேண்டாம் என்றிருந்தேன். ஞாயிறு காலை உன் அக்கா கீழே நிற்கும்போது பால்கனி விழுந்தது. அடியில் ஒரு முட்டுக்கூட இல்லை. பதினான்கு கம்பும் பின்சுவரோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. மேலே கைப்பிடிச் சுவருக்காக இரண்டு நாள் முன்னரே ஏற்றிவைத்த செங்கல், காங்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீர், எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தது.

முட்டைப் பிரித்தது யார் என்பதுதான் கேள்வி. பெரிய மேஸ்திரி, தான் இல்லை என்றார். அப்போது நீதான் சொன்னாய், சனிக்கிழமை சாயங்காலம் அக்கா போனில் பேசினாள், மேஸ்திரி முட்டைப் பிரித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார் என்று சொன்னாள் என்று. செத்துப்போனவள் வாக்கு. கோர்ட்டில் கூண்டில் ஏறி அதையே சொன்னாய். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நீ பொய் சொல்லவில்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். ஒரே ஓர் எழுத்துத்தான் குறைந்தது. அவள் உன்னிடம் 'போனார்' என்று சொல்லியிருக்க மாட்டாள். 'போனாராம்' என்று சொல்லியிருப்பாள். அவள் கண்ணால் பார்க்காததைப் பார்த்ததுபோல் சொல்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். அந்த 'ஆம்' எங்கேயிருந்து வந்தது என்று யாரும் தேடவில்லை. என்னிடமிருந்து வந்தது.

அன்றைக்கு எனக்கு அரை நாள் ஆபீஸ். இரண்டரை மணிக்கு அந்தப் பக்கம் போனேன். ஆள் இல்லை. தார்ப்பாயில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பால்கனிக்கு அடியில் கம்புகள் காடு மாதிரி நின்றன. எட்டாம் நாள். வாடகை என் பக்கம் சாய ஆரம்பித்த முதல் நாள். பெரிய பணம் இல்லை, மாப்பிள்ளை. அந்த இருபத்தொரு நாள் வாடகைக்கு உன் அக்கா ஆசைப்பட்ட மாதிரி ஒரு நாற்காலிகூட வந்திருக்காது. ஆனால் நான் தொகையைப் பார்க்கிறவன் இல்லை. பத்து கிராம் குறைந்தாலும் குறைவு குறைவுதான் என்று கடைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன்.

அடிப்பக்கத்துப் பலகைக்கு ஓரமாகத் தெரிந்த காங்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ணங்கென்றது. ஒவ்வொரு கம்புக்கும் அடியில் மர ஆப்பு வைத்திருக்கும். ஆப்பைத் தட்டினால் கம்பு தளர்ந்து கையோடு வரும். ஒன்றைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஐந்துக்குமேல் பயம் விட்டுப்போய், உள்ளுக்குள் ஒரு குதூகலம்கூட வந்தது. இந்த இருபத்தெட்டு நாள் கதையை இவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது. மேஸ்திரி அடுக்குகிற மாதிரியே நீளக்கம்பு அடியிலும் குட்டைக்கம்பு மேலுமாக அடுக்கினேன். மறுநாள் போலீஸ்காரர் அதைப் பார்த்து, "இது வேலை தெரிஞ்சவன் அடுக்குனது" என்றார். அந்த நிலைமையிலும் என் மனதின் ஏதோ ஒரு மூலை அதைக் கேட்டுத் திருப்திப்பட்டது. பாதி மட்டும் தட்டில் வைக்க வராது என்று சொன்னேன் அல்லவா.

கிளம்பும்முன் மேலே ஏறிப் பார்த்தேன். பால்கனி சுவரோடு சேர்கிற இடத்தில், தேக்கிய தண்ணீருக்கு அடியில், தலைமுடி கிடப்பதுபோல் ஒரு கோடு. முடி என்றுதான் நினைத்து விரலால் தள்ளினேன். நகரவில்லை. மூட்டையிலிருந்து ஒரு பிடி சிமென்ட் எடுத்து வந்து குழைத்து, கட்டைவிரலால் அந்தக் கோட்டின் நீளத்துக்கும் தேய்த்துவிட்டேன். தண்ணீர் கலங்கி, கோடு தெரியாமல் போயிற்று. மேஸ்திரி செவ்வாய்க்கிழமை வந்ததும் பார்க்கச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

உன் அக்கா தினம் இரண்டு வேளை அங்கே போய்த் தளத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வாள். அன்று சாயங்காலமும் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"என்னங்க, பால்கனிக்கு அடியில முட்டெல்லாம் காணோமே?"

"மேஸ்திரி பிரிச்சுட்டுத்தான் ஊருக்குப் போனாரு."

"இருபத்தெட்டு நாள்னாரே?"

"நல்லா இறுகிடுச்சாம். இனிமே தேவையில்லன்னாரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். சொல்லிக்கொள்ளும்படி காரணம் எதுவும் அகப்படவில்லை. அவள் எப்போதும் மேஸ்திரி பக்கம் பேசுவாள். நான் பிரித்தேன் என்றால், அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆரம்பிப்பாள். சாப்பிட்டுக் கை கழுவும்வரை அதுவே பேச்சாக இருக்கும். எனக்கு அன்று முதுகு வலித்தது. நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் போலிருந்தது.

அவள் நம்பிவிட்டாள். நம்பியது மட்டுமில்லை, முகம் மலர்ந்துவிட்டது. முட்டு இருக்கிறவரை அடியில் போய் நிற்கக் கூடாது என்று மேஸ்திரி அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அப்ப நாளைக்கு அதுக்குக் கீழ நின்னு பாக்கலாம். இத்தன நாள் எட்டிக்கூடப் பாக்க முடியல."

"பாரு" என்றேன்.

பிறகு அவள் உனக்குப் போன் போட்டாள். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உன் வேலை, உன் இருமல், மழை என்று என்னென்னவோ பேசினாள். முட்டைப் பற்றிச் சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் திருத்தியிருப்பேனா என்று கேட்காதே.

இரவில் அந்தக் கோடு ஞாபகம் வந்தது. காலையில் முன்னால் போய் நாலைந்து கம்பையாவது திரும்ப நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். காலையில் தூறல். ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் நின்றது இன்னும் கொஞ்சம் நிற்காதா என்று தோன்றியது. நான் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கிளம்பினாள். மழை பெய்கிறது, தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே இல்லை. வீட்டைப் பார்க்கத்தான் போனாள். போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்பாள். விரிசல் என்றால், எப்படித் தெரியும் என்பாள். ஒரு நூலைப் பிடித்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடை எடுத்துட்டுப் போ" என்றேன்.

எடுத்துக்கொண்டாள். என் வாழ்நாளில் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அந்தக் குடையை உன்னிடம்தான் போலீஸ்காரர் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? மடித்து, பட்டன் போட்டு, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. மழையில் ஏன் குடையை மடித்தாள் என்று நீ என்னைக் கேட்டாய். இப்போது சொல்கிறேன். அவளுக்கு மேலே அவளுடைய பால்கனி இருந்தது, மாப்பிள்ளை. நனையவில்லை. அதனால் மடித்துவிட்டாள்.

எதிர்க் கடைக்காரர் வந்து சொல்லி நான் ஓடினேன். அவளைத் தூக்க நாலைந்து பேர் குனிந்திருந்தார்கள். நான் முதலில் மேலேதான் பார்த்தேன். முறிந்த ஓரத்தில் என் கட்டைவிரல் தேய்த்த தடம் இருக்கிறதா என்று. இல்லை. மழை கழுவியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கையைப் பிடித்தேன். சூடு இருந்தது. பிடித்தபடியே இருந்தேன். சூடு போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போதும் என்னால் நிமிடக் கணக்கில் சொல்ல முடியும்.

போலீசாரிடம் நான் பொய் சொல்லவில்லை. முட்டைப் பிரித்தது எப்போது என்று தெரியுமா என்றார்கள். மேஸ்திரி பிரித்ததாக என் மனைவிக்கும் எனக்கும் பேச்சு வந்தது என்றேன். அது உண்மைதான்.

மூன்றாம் நாள் பெரிய மேஸ்திரி பேச்சை மாற்றி, நான்தான் பிரித்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உனக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அது புரியவே இல்லை. கோர்ட்டு வராந்தாவில் ஒரு நாள் புரிந்தது. நான் தூணுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தேன். அந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும் பேசுவது காதில் விழுந்தது. சின்ன மேஸ்திரிக்கு அந்த நாளில் ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. அண்ணனுக்குத் தெரியாமல் நம் வேலையிலிருந்து பலகையையும் கம்பையும் எடுத்துப்போய்ச் சில்லறை வேலை செய்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவார். அன்று கடைசியாக இடத்தை விட்டுப் போனதும் அவர்தான். அண்ணன் அதை வைத்து, பிரித்தது தம்பிதான் என்று முடிவுகட்டிவிட்டார். தம்பிக்கு அப்போதுதான் கல்யாணமாகி நான்கு மாதம்.

தம்பி அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "நான் தொடலன்னு உன் தலையில அடிச்சுச் சொல்றேன். அத நம்பாம, எனக்காக ஜெயிலுக்குப் போறியாண்ணே? நீ போகாம இருந்தாக்கூட எனக்கு இவ்ளோ வலிக்காது" என்றார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

நான் எழுந்து தூணைச் சுற்றிப் போயிருந்தால் நாலு எட்டுத்தான்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். நீதிபதியிடம், இவரை நான் மன்னித்துவிட்டேன், தண்டனையைக் குறையுங்கள் என்று கேட்டேன். உனக்கு என்மேல் ஒரு மாதம் கோபம் இருந்தது. ஆனால் ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. பெரிய மேஸ்திரி கூண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையை உன்னால் மறக்க முடியாது என்று நீயே பிறகு சொல்லியிருக்கிறாய். ஒன்றரை வருடத்தோடு வெளியே வந்தார். நான் கேட்காவிட்டால் மூன்றாகியிருக்கும். என்னால் முடிந்ததை நான் செய்யாமல் இல்லை.

வெளியே வந்த மறுநாள் காலை அவர் என் வாடகை வீட்டு கேட்டில் நின்றார். மெலிந்து, சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. மீதி வீட்டைக் கூலி வாங்காமல் முடித்துத் தருகிறேன், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் மனது கஷ்டப்பட்டிருக்கும்.

ஏழு மாதம் தனியாக வேலை செய்தார். கூடத் தம்பி இல்லை. பால்கனியை அடியில் இரண்டு தூண் கொடுத்துத் திரும்பக் கட்டினார். அதற்குக் கீழே தினம் தானே போய் நின்றுவிட்டு வந்து, பிறகுதான் என்னை விடுவார். ஒரு நாள் உள்சுவர் பூசிக்கொண்டிருந்தவர், கரண்டியை நிறுத்தாமல் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குச் சனிக்கிழம மத்தியானம் நீங்க இந்தப் பக்கம் வந்தீங்களா? என் தம்பி போனப்புறம் முட்டு இருந்துச்சா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேணாம் சார். அவன்கிட்டப் பேசணும்போல இருக்கு."

இன்னொரு கரண்டிக் கலவையை அள்ளிச் சுவரில் அப்பினார்.

"நான் வரல, மேஸ்திரி" என்றேன்.

"சரி சார்" என்றார். பூசிக்கொண்டே இருந்தார். அன்று பூசிய சுவர்தான் வீட்டிலேயே சமமான சுவர். குண்டு நூல் போட்டுப் பார்த்திருக்கிறேன், இம்மி சாயவில்லை.

வேலை முடிந்த அன்று அந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். அம்மா கேட்டிருந்தாங்க என்றார். உன் அக்கா அவரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். அதில் நான் இதுவரை எதையும் மாட்டவில்லை. பால்கனியில் துணி காயப்போடுகிறேன்.

பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. நான்கு மாதம் முன்பு பெரிய மேஸ்திரி போய்விட்டார். சாவுக்கு நீ வரவில்லை, நான் போனேன். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். சின்ன மேஸ்திரி, அண்ணன் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், தெருவில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். "எங்கண்ணன் கடைசிவரைக்கும் நான்தான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு சார்" என்றார். நான் அவர் தோளில் கையை வைத்து, "விடுப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது? சொல்ல வேண்டியவர் போய்விட்டார். இனிமேல் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது?

இதை எழுதும்போது ஒன்று கவனித்தேன். மேஸ்திரியிடம் சொன்னது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அக்காவிடம் சொன்னதையும் சேர்த்தால் இரண்டு. உன்னிடம் சொன்னது எதுவும் பொய் இல்லை. உன்னிடம் நான் ஒன்றும் சொல்லவே இல்லை.

ஆக, உன் அக்காவைக் கொன்றது நான். கம்பை எடுத்ததைத் தவறுதல் என்று யாராவது சொல்லலாம், அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அவளை அங்கே அனுப்பியதை அப்படிச் சொல்ல முடியாது. அவளைப்போல் ஒருத்தியை நான் எங்கும் பார்த்ததில்லை. இப்போதும் காலையில் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது வாசற்பக்கம் கண் போகிறது. நீ போலீசுக்குப் போவதானால் போ. இந்தக் காகிதம் போதும், என் கையெழுத்து உனக்குத் தெரியும். நான் வீட்டில்தான் இருப்பேன்.

ஆனால் அதற்காக வீட்டு வேலையைத் தள்ளிப்போடாதே. மழைக்கு முன் அஸ்திவாரம் எழும்ப வேண்டும். சின்ன மேஸ்திரியையே எடு. கொட்டேஷனின் ஏழாம் பத்தியைப் பார், முட்டு வாடகை முழுவதும், எத்தனை நாளானாலும், தன்னுடையது என்று எழுதியிருக்கிறார். எந்த மேஸ்திரியும் அப்படி எழுத மாட்டான். ஏன் எழுதினார் என்று உனக்கு இப்போது தெரியும்.

அவருக்கும் இதெல்லாம் தெரிய வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சாவி உன் கைக்கு வரும்வரை சொல்லாதே. தெரிந்தால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விடுவார், பாதியில் ஆள் மாற்றினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பதினெட்டு வருடம் தெரியாமல் இருந்தவர், இன்னும் ஓர் எட்டு மாதம் தெரியாமல் இருப்பதால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.